பிணைக் கையெழுத்து

படித்தால் டீச்சராகலாம் என்று எனக்குச் சொன்னவர்கள் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், ஒருமுறை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். இதில் படிப்பு என்பது சின்னச் சமாச்சாரம். உயர்தரம் பாஸாகி, வெட்டுப்புள்ளியையும் தாண்டி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவாகியிருக்கிறேன் என்ற கடிதம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பாயாசம்கூட வைத்தார்கள். பைத்தியங்கள், என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் வதிவிடச் சான்றிதழ். அதைத் தர வேண்டிய கிராம சேவகர், உங்கள் வரிசை வீடான லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் தோட்ட மேனேஜர் துரையிடம் ஒரு கடிதம் வாங்கி வா என்றார். துரை லீவில் கொழும்புக்குப் போயிருந்தார். பிறந்ததிலிருந்து அந்த லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்தவள் நான். நான் அங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல, கொழும்பில் கடல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் திரும்பி வர வேண்டியிருந்தது. அடுத்தது பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி. பழையது செல்லாதாம். இடையில் நான் மறுபடி பிறந்திருப்பேனோ என்று சந்தேகம் போலும். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, எக்ஸ்ரே, நற்சான்றிதழ். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரே பாட்டுத்தான்: "ஹெட்ட என்ன நங்கி." நாளைக்கு வா தங்கச்சி. நாளைக்கு வருவதற்கும் பஸ் காசு வேண்டும் என்பது ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கென்ன.

அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அதில்தான் மெத்தை, வாளி, வெள்ளைச் சேலை, குடை எல்லாம் வாங்கினோம். கல்லூரி கொடுத்த சாமான் பட்டியலில் சாப்பிடும் தட்டுக்கூட இருந்தது. இதெல்லாம் முடிந்த பிறகு, நான் மூச்சுவிடப் போன நேரம் பார்த்து பொண்ட் வந்தது.

பொண்ட் என்றால் இதுதான். அரசாங்கம் சும்மா படிப்பிக்கிறது, கையில் சின்னதாக ஒரு படியும் தருகிறது. அதற்குப் பதிலாக, படித்து முடித்ததும் அவர்கள் அனுப்பும் பள்ளிக்கூடத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். இடையில் விட்டுப் போனால் செலவை மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் எனக்காகப் பிணை நின்ற இரண்டு பேரின் சம்பளத்தில் வெட்டுவார்கள். அந்த இரண்டு பேரும் நிரந்தர அரசாங்க ஊழியர்களாக இருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கவ்வாத்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சாமியாடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அரசாங்க ஊழியருக்கு நான் எங்கே போவது?

ஒன்று கிடைத்தது. எனக்குக் கணக்குப் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்தவர். விசயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னே பேனையை எடுத்தார். "ஓம், நான் போடுறன். நீ நடுவில விட்டிட்டு ஓடாத, அவ்வளவுதான்" என்றார். இரண்டாவது கையெழுத்துக்கு அம்மா ஒரே ஒரு பேரைத்தான் சொன்னாள். அவளுடைய அண்ணன், என் தாய்மாமா.

மாமா கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். கண்டிக்குப் பக்கத்திலேயே அம்பிட்டியவில் சொந்த வீடு. அம்மா பதினைந்து வயதில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டதால்தான் அவர் கண்டியில் தங்கிப் படித்தார். இதை அம்மா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, எனக்குச் சொன்னது அயலவர்கள்தான். பிறகு அவர் கடுகண்ணாவையில் கடை வைத்திருந்த ஒருவரின் மகளைக் கட்டினார். அதோடு தோட்டத்துப் பாதை அவருக்கு மறந்துபோயிற்று. தாத்தா பாட்டி இருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் மிச்சமிருந்தது அந்த அம்பிட்டிய வீடு ஒன்றுதான். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது வீடு குடிபுகுந்த அன்று ஒருதரம், அவ்வளவுதான். "ஒருநாளைக்கு அண்ணன் வீட்டுல போயி ரெண்டு நாள் இருந்துட்டு வரணும்" என்று அவள் சொல்வதை விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒருநாள் வரவேயில்லை.

நாங்கள் போன அன்று காலையில் கல்லூரியில் பத்திரங்களைக் காட்ட வேண்டியிருந்தது. சேலை கட்டாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள். வெள்ளைச் சேலை கல்லூரி தொடங்கிய பிறகுதான் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டதால், பக்கத்துக் காம்பரா அக்காவின் ரோஸ் நிறச் சேலையை இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று அம்மா தலையில் பூவும் வைத்துவிட்டாள். கல்லூரி வேலை முடிந்து பின்னேரம் கண்டிக்கு வந்ததும் அவள் என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய். எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் அடுக்கினாள். மேலே, கோயில் குங்குமப் பொட்டலம்.

"தட்டு என்னத்துக்கும்மா? கையெழுத்துத்தானே" என்றேன்.

"வெறுங்கைய வீசிக்கிட்டுப் போயி கேக்கச் சொல்றியா? நாம என்ன பிச்சையா எடுக்கப் போறோம்."

எங்கள் தோட்டத்தில் அதுதான் பழக்கம். பெரிய காரியம் ஒன்றைக் கேட்கப் போகிறவர்கள், தலைவரிடம் போனாலும் பூசாரியிடம் போனாலும், தட்டை முன்னால் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். அம்பிட்டியவில் அந்தத் தட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, உயர்தரம் பாஸான எனக்கும் தோன்றவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். தை மாதம், வளர்பிறை. வாசலில் நாத்தனார், அவள் கையில் வெற்றிலையும் தேங்காயும் குங்குமமும் வைத்த தட்டு. பின்னால் பூ வைத்துச் சேலை கட்டிய மகள். உள்ளே கல்யாணமாகாத முறைமாப்பிள்ளை. கதவைத் திறந்த அத்தை தட்டைப் பார்த்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் அப்படியே செத்துப்போயிற்று. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா தானாகவே தட்டை மேசையில் வைத்து, கதிரையில் இருந்த மாமாவைப் பார்த்து, அன்றைக்கு அவள் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தையைச் சொன்னாள்.

"அண்ணே, ஒரு நல்ல விசயமா வந்திருக்கோம். நீங்க இல்லன்னு சொல்லக்கூடாது."

"மொதல்ல அந்தத் தட்ட எடு" என்றாள் அத்தை.

அம்மா புரியாமல் சிரித்தாள்.

"எடுன்னு சொல்றேன்ல. முறை கிறைன்னு ஒருநாளைக்கு இப்பிடி வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியும். எம்மவன் கவர்மெண்டு ஆபீசுல டி.ஓ. நாளைக்கு மாமியார் வீட்டுக்குன்னு உங்க லயத்துக்கு வந்தா எங்க உக்காருவான்? கக்கூசுக்கு எங்க போவான்? அதையெல்லாம் யோசிச்சியா நீ?"

உள்ளே ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாமா மகன். அவன் முகத்தை நான் அதுவரை சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் அந்தக் கதவுச் சத்தத்தில் எனக்குக் காதுவரை எரிந்தது. மாமா சுவரில் தொங்கிய கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் படிப்பதற்கு அப்படி என்னதான் இருந்ததோ.

அம்மாவுக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் தட்டை எடுக்கவா விடவா என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "அய்யோ அண்ணி, அதுக்கு வரல. இவ காலேஜுக்கு ஒரு கையெழுத்து. அண்ணன் பிணை நிக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தங்கச்சி சம்பந்தம் பேச வரவில்லை, தன்னைக் கடனுக்குப் பிணை நிற்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த மனிதருக்கு வந்த நிம்மதி இருக்கிறதே. உடனே தேத்தண்ணி போடச் சொன்னார். பேனையைத் தேடினார்.

அத்தை லேசுப்பட்டவள் இல்லை. "இன்னைக்குக் கையெழுத்துன்னு வருவா. நாளைக்கு மக டீச்சராகிட்டா, இப்ப நாங்களும் உங்களுக்குச் சரிசமந்தானேன்னு மறுபடி தட்டத் தூக்குவா. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் போடுங்க" என்றாள்.

சாமியறையில் ஒரு தாம்பாளத்தில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். பெரிய கட்டி. கொஞ்சம் சின்னதாகப் பார்த்து எடுத்திருக்கலாம். "என்னத்துக்கு இதெல்லாம்" என்றார் மாமா, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டே. அம்மா என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்க மகன முறைன்னு கேட்டு நானோ எம்புள்ளையோ இந்த வாசலுக்கு வரமாட்டோம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தில் உள்ளங்கையை வைத்து அணைத்தாள். மாமா கையெழுத்துப் போட்டார். புறப்படும்போது அத்தை தேங்காயையும் குங்குமத்தையும் வெற்றிலையையும் தட்டோடு திருப்பிக் கொடுத்தாள். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அம்மா கையை ஜன்னலுக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு வந்தாள். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். திகணையைத் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "என்ன இருந்தாலும் அண்ணன் போட்டுட்டாங்க பாத்தியா."

அடுத்த நாள் கல்லூரி அலுவலகத்து அம்மணி, எல்லாரும் நோனா என்று கூப்பிடுபவள், தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாமாவின் பிறந்த திகதியில் விரலை வைத்தாள். இவர் பென்சன் போகப் போகிறாரே, உன் பொண்ட் முடியும்வரை சம்பளம் எடுக்கிற ஆள் வேண்டும் என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றாள். கடைசித் திகதிக்கு இடையில் ஒரு சனியும் ஞாயிறும்தான் கிடந்தன. எனக்குத் தெரிந்த உலகத்தில் பென்சனுக்குத் தூரமாய் இருந்த இன்னொரு அரசாங்க ஊழியன் யார் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வேண்டாம் என்றேன். கல்லூரியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், கொழுந்து பறிக்கிறேன் என்றேன். அம்மா கைக்குத் தடவியிருந்த பற்பசையைக் கழுவிவிட்டுச் சேலையை மாற்றினாள். "அடகு வச்ச தோட்ட மீட்டுட்டு வா, அப்புறம் கொழுந்து பறிக்கப் போ" என்றாள்.

இந்த முறை தட்டு கொண்டுபோகவில்லை. பட்டது போதுமே. அத்தை கதவைத் திறந்து எங்கள் கைகளைப் பார்த்தாள். "என்ன, வெறுங்கையோட" என்றாள்.

அம்மா பதறிப்போய், "அண்ணி, இப்ப தம்பிதான் வேணும்" என்றாள். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு நான்தான் விசயத்தைச் சொன்னேன். மாமா மகன் போனைப் பார்த்தபடியே வந்து உட்கார்ந்தான். பொண்டை வாசித்தான். நான் இடையில் விட்டால் தன் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று தன் தாய்க்கு விளக்கினான். முந்தின முறை தகப்பன் போட்டபோது அந்த வீட்டில் ஒருத்தரும் அதை வாசிக்கவில்லை. அத்தைக்கு வேர்த்துவிட்டது. இல்லையென்று சொன்னால் சத்தியம் முறிந்து மறுபடி முறை பேச வந்துவிடுவார்களோ என்ற பயம் ஒருபக்கம், மகனின் சம்பளம் மறுபக்கம். கடைசியில், சத்தியம் பண்ணியவர்களுக்கு ஒரு கையெழுத்துத்தானே என்று மாமா முனகினார்.

"எங்க போடணும்?" என்று கேட்டான் அவன். இதுவரைக்கும் அவன் என்னோடு பேசிய வார்த்தை அது மட்டும்தான்.

கையெழுத்துப் போட்டதும் அத்தை அம்மாவிடம், "உன் போன் நம்பரச் சொல்லு" என்றாள். அதுவரை அந்த வீட்டில் அம்மாவின் நம்பர் யாரிடமும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் போன் வரத் தொடங்கியது. "மக ஒழுங்காப் போறாளா? லீவு கீவு போட்டாளா? அங்க யாரோடயும் பழக்கம் இல்லையே?" இவ்வளவுதான் பேச்சு. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் விடியவே குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். போனில் யார் சேலையைப் பார்க்கப் போகிறார்கள்? ஒவ்வொரு முறையும் கடைசியில், "அண்ணன் இருக்காங்களா? ஒரு வார்த்தை பேசலாமா?" என்று கேட்பாள். "அவரு குளிக்கிறாரு" என்று பதில் வரும். வருடக்கணக்காக அந்த மனிதர் ஞாயிறு தோறும் குளித்துக்கொண்டேயிருந்தார். கண்டியிலேயே அவ்வளவு சுத்தமான ஆள் வேறு ஒருத்தரும் இருந்திருக்கமாட்டார்.

எனக்கு இரண்டாம் வருடம் டெங்கு வந்து கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை தம்பிலி இளநீர் இரண்டும் கையுமாக வந்தாள். என் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "காலேஜுக்கு மெடிக்கல் குடுத்தாச்சா? வரவு கொறஞ்சா வெலக்கிருவாங்களாமே" என்றாள். அவள் போன பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "எங்க அண்ணி வந்துட்டுப் போனாங்க. அம்பிட்டியவுலருந்து."

படிப்பு முடிந்து, சான்றிதழ் கிடைத்து, இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் போட்டார்கள். அந்த நேரம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை, கட்டியதும் கூட்டிக்கொண்டு போவேன் என்றான். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது சொல்லி என்ன. கதை எப்படியோ அம்பிட்டியவுக்குப் போய்விட்டது. ஞாயிறுகூட இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா கோயில் மேட்டுக்கு விளக்கு வைக்கப் போன நேரம் போன் வந்தது. "கையெழுத்துப் போட்டது எம்புள்ள. அவ பிளேன் ஏறினா இவன் தெருவுல நிக்கணும். பொண்ட் முடியட்டும், அப்புறம் எவனை வேணுன்னாலும் கட்டிக்கட்டும்." அம்மா அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. "அண்ணி மனசு நோகக்கூடாதுடி. இப்பதான் ஒட்டிக்கிட்டு வாராங்க" என்றாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. தன் மகனுக்கு நான் வேண்டாம் என்று சூடம் கொளுத்திய அத்தை, வேறு எவனுக்கும் நான் கிடைக்காமலும் பார்த்துக்கொண்டாள். சொந்த மாமியார்கூட இவ்வளவு கண் வைத்திருக்கமாட்டாள்.

பெட்ரோல் வரிசைகள் நின்ற காலத்தில் பஸ் ஓடவில்லை. கூடப் படித்தவர்களில் பலர் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு வெளிநாடு போனார்கள். நான் மழையில் லொறியின் பின்னால் நின்று பள்ளிக்கூடம் போனேன். அந்த மாதங்களில் அத்தை தினமும் எடுத்தாள், அம்மாவும் தினமும் மேட்டுக்கு ஏறினாள். அம்மாவுக்கு அது பொற்காலம். நாட்டில் சோற்றுக்கு வழியில்லை, இவள் முகத்தில் மட்டும் களை.

பொண்ட் காலம் போன வருடம் முடிந்தது. முடிந்தது என்று சொல்லும் கடிதத்தை வாங்குவதற்கும் வழக்கம்போல நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்தார்கள். கடைசியில் கையில் கிடைத்த அன்று அதைப் படமெடுத்து அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அந்த ஞாயிறு அம்மா குளித்து, சேலை கட்டி, மேட்டுக்குப் போனாள். மத்தியானம்வரை இருந்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறு, சிக்னல் சரியில்லை என்று கொஞ்சம் மேலே ஏறி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் போய் உட்கார்ந்தாள். திரும்பி வந்து, "அண்ணி போன்ல ஏதும் கோளாறா? நீ வேணுன்னா ஒருக்கா எடுத்துப் பாரேன்" என்றாள். நான் மேட்டுக்குப் போய் எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் மேட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. மழையிலும் குடையோடு போய் உட்கார்ந்தாள். ஈரச் சேலையோடு ஒருநாள் வந்து நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ட் முடிஞ்சிருச்சும்மா. அவங்க மகன் சம்பளம் தப்பிருச்சு. இனிமே எடுக்கமாட்டாங்க. உன்கூட சொந்தம் கொண்டாடவா இத்தனை வருசம் எடுத்தாங்கன்னு நினைச்ச?"

வேண்டுமென்றேதான் சொன்னேன், அவளுக்கு வலிக்க வேண்டும் என்று. அந்தக் கட்டார் பையனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா சேலையை மாற்றினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீ டிகிரி படிக்கப் போறேன்னு ஒருநாள் சொன்னியே."

"அதுக்கென்ன?"

"அதுக்கும் ரெண்டு பேரு கையெழுத்துப் போடணுமில்ல?"

அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்றேன். அம்மா போனைக் கொண்டுபோய் சார்ஜில் போட்டாள். அங்கிருந்தபடியே, "நல்லா விசாரிச்சுப் பாருடி" என்றாள்.